ஒரே கூரை, இரண்டு பாய்

(நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணவன் மனைவி தனித்தனியாகத் தூங்குவது பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஏற்பாட்டாளர் ஒருவர் தயங்கினார். "டாக்டர், இதையெல்லாம் பொது மேடையில பேசலாமா?" என்று கேட்டார். அந்தத் தயக்கம்தான் என் பேச்சுக்கே காரணம். சர்க்கரையைப் பற்றியும் முழங்கால் வலியைப் பற்றியும் பத்துப் பேர் கேட்கச் சொல்லும் நம் மக்கள், "நாங்க ரெண்டு பேரும் இப்பத் தனித்தனியாத்தான் படுக்கிறோம்" என்பதை மட்டும் கதவைச் சாத்திவிட்டு, குரலைத் தாழ்த்தி, குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோலச் சொல்கிறார்கள். சிலர் அதையும் சொல்வதில்லை. தூக்க மாத்திரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். ஒரே கட்டிலில் படுப்பதாலேயே ஒரு திருமணம் உறுதியாகிவிடுவதில்லை. தனித்தனியாகப் படுப்பதாலேயே அது உடைந்துபோவதும் இல்லை. அந்த ஏற்பாட்டை இருவரும் பேசி முடிவு செய்தார்களா, அல்லது ஒருவர் ஒதுங்க, மற்றவர் ஏனென்று கேட்காமலே விட, ஆண்டுகள் ஓடிவிட்டனவா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பேசாமல் பிரிந்த படுக்கையை நினைத்துக் கவலைப்பட வேண்டும். பேசிப் பிரித்த படுக்கையால் ஒரு குடும்பத்தின் நிம்மதி திரும்பக்கூட முடியும்.

"நம்ம வழக்கத்துல இதெல்லாம் கிடையாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். எனவே நம் வழக்கத்திலிருந்தே தொடங்குகிறேன். நம் பழைய வீடுகளை நினைத்துப் பாருங்கள். வெளியே திண்ணை, உள்ளே ரேழி, கூடம், முற்றம், அதற்கும் பின்னால் சமையற்கட்டு. இரவானால் வீட்டின் ஆண்கள் திண்ணையிலோ வாசலில் போட்ட கயிற்றுக் கட்டிலிலோ படுப்பார்கள். பெண்களும் பிள்ளைகளும் கூடத்தில் வரிசையாகப் பாய் விரிப்பார்கள். கோடையில் எல்லாருக்கும் மொட்டைமாடி. அறுவடைக் காலத்தில் கணவன் களத்து மேட்டில் காவலுக்குப் படுத்திருப்பான். செட்டிநாட்டு வீடுகளில் திருமணமான ஒவ்வொரு மகனும் ஒரு புள்ளி, அதாவது ஒரு தனிக் குடும்பக் கணக்கு. வளவு என்ற உள்முற்றத்தைச் சுற்றி அந்தப் புள்ளிக்கென்று ஓர் அறை இருக்கும். ஆனால் அந்த அறையின் பெரும்பகுதி சீர்ச் சாமான்களுக்குத்தான் பயன்பட்டது. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன கணவர்கள் பர்மாவிலும் மலாயாவிலும் மூன்றாண்டுக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்பினார்கள்.

சடங்குகளைப் பாருங்கள். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகிறோம். வளைகாப்பு முடிந்ததும் அம்மா வீட்டுக்குப் போகும் பெண், பிள்ளை பெற்று மாதக்கணக்கில் கழித்துத்தான் திரும்புகிறாள். விரதத்துக்கு மாலை போட்டால் தனிப் பாய். இன்றைக்கும் வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் நம் ஆண்கள், பலரும் ஓராண்டு, ஈராண்டு கழித்துத்தான் விடுப்பில் வருகிறார்கள். அவர்களுடைய திருமணத்தை ஊர் சந்தேகிப்பதில்லை; குடும்பத்துக்காக உழைக்கிறார் என்று பெருமையாகவே பேசுகிறது. அதே ஊர், ஒரே வீட்டில் அடுத்தடுத்த அறைகளில் படுக்கும் தம்பதியைப் பார்த்தால், "ரெண்டு பேருக்கும் ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்கிறது.

பூட்டிய அறைக்குள் ஒரே மெத்தையில் வாழ்நாள் முழுவதும் அருகருகே தூங்குவது என்ற ஏற்பாடு, நம்மில் பெரும்பாலோருக்குத் தனிக்குடித்தனத்தோடும் கான்கிரீட் வீட்டோடும் வந்தது. கல்யாணச் சீரில் கட்டிலும் பீரோவும் மெத்தையும் சேர்ந்த பிறகு, அந்தக் கட்டிலே திருமணத்தின் அடையாளமாக நின்றுவிட்டது. அதற்கு முன்னால் பாய் இருந்தது. பத்தமடையில் மணமக்களின் பெயரை வைத்தே கல்யாணப் பாய் நெய்து தருவார்கள். ஆனால் பாயைச் சுருட்டலாம்; வேண்டிய இடத்தில் விரிக்கலாம்; இன்று அங்கே, நாளை இங்கே. கட்டில் நகராது.

இதனால் பழைய காலம் பொற்காலம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். அந்த ஏற்பாட்டில் புதுமணத் தம்பதிக்குத் தனிமை என்பதே அரிதாக இருந்தது. யார் எங்கே படுப்பது என்பதை மாமியாரும் மாமனாரும் தீர்மானித்தார்கள். பெண்ணிடம் எதையும் கேட்டதில்லை. தனித்தனியாகப் படுப்பது நமக்குப் புதிதல்ல என்பதை மட்டும்தான் அந்தக் காலத்திலிருந்து எடுத்துக்கொள்கிறேன். கேட்டு முடிவெடுப்பதுதான் நமக்குப் புதிது.

வெளிநாட்டுக் கதையையும் கொஞ்சம் பார்ப்போம். இதை மேல்நாட்டு நாகரிகம் என்று தள்ளுகிறவர்களும் உண்டு. மேல்நாட்டு முன்னேற்றம் என்று தூக்கிப்பிடிக்கிறவர்களும் உண்டு. இரண்டுமே சரியில்லை.

லண்டனில் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் ஒரு கட்டில் இருக்கிறது. ஏறத்தாழ 1590-இல் செய்தது. அகலம் மூன்று மீட்டருக்கும் மேல். வேர் என்ற ஊரின் சத்திரத்துக்காகச் செய்த அந்தக் கட்டில் அந்தக் காலத்திலேயே பெயர் பெற்றது. ஷேக்ஸ்பியரின் நாடகம் ஒன்றிலும் அதைப் பற்றிய பேச்சு வருகிறது. அன்றைய ஐரோப்பாவில் கணவன், மனைவி, பிள்ளைகள், வேலைக்காரர், வழிப்போக்கர் என்று பலரும் ஒரே படுக்கையைப் பகிர்வது சாதாரணம். குளிருக்கு அது தேவைப்பட்டது. கட்டில் விலை உயர்ந்த பொருளாகவும் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காற்று மாறியது. ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் சுவாசிப்பது உடலைக் கெடுக்கும் என்று இங்கிலாந்து மருத்துவர்கள் எழுதத் தொடங்கினார்கள். பெஞ்சமின் வார்டு ரிச்சர்ட்சன் போன்ற பெயர்பெற்ற மருத்துவர்களே ஆளுக்கொரு கட்டில் வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். ஒரே அறையில் அருகருகே இரண்டு ஒற்றைக் கட்டில் போடுவது நடுத்தரக் குடும்பங்களில் சுத்தத்தின், நவீனத்தின் அடையாளமாகப் பரவியது. லங்காஸ்டர் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிலரி ஹைண்ட்ஸ் இந்த வரலாற்றை விரிவாக ஆராய்ந்து 2019-இல் ஒரு நூலாக வெளியிட்டிருக்கிறார். ஏறத்தாழ நூறாண்டுகள் அந்த வழக்கம் செல்வாக்கோடு இருந்தது என்கிறார் அவர்.

பிறகு மறுபடியும் காற்று மாறியது. திருமண வாழ்க்கையைப் பற்றி எழுதிப் புகழ்பெற்ற மேரி ஸ்டோப்ஸ், அந்த இரட்டைக் கட்டில்களைத் தாம்பத்தியத்தின் எதிரி என்று சாடினார். 1960-களுக்குப் பிறகு, தனிக் கட்டிலில் படுக்கும் தம்பதி என்றாலே அன்பு வற்றியவர்கள் என்ற எண்ணம் நிலைத்தது. அதற்கு முன், அமெரிக்காவில் 1951-இல் தொடங்கிய 'ஐ லவ் லூசி' தொலைக்காட்சித் தொடரில் கணவன் மனைவியாக நடித்த லூசில் பாலும் டெசி ஆர்னாஸும் நிஜ வாழ்விலும் கணவன் மனைவிதான். அப்படியும் திரையில் அவர்களுக்குத் தனித்தனிக் கட்டில்களைத்தான் போட்டுக் காட்டினார்கள். அன்று அங்கே அதுவே கண்ணியம்.

ஜப்பானுக்குப் போனால் வேறொரு காட்சி. தரையில் விரிக்கும் மெத்தைகள், ஆளுக்கு ஒன்று. நடுவில் பிள்ளை, இருபுறமும் தாய் தகப்பன். பிள்ளைகள் வளரும்வரை பல ஆண்டுகள் இப்படியே போகும். வில்லியம் காடில், டேவிட் பிளாத் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஜப்பானியக் குடும்பங்களில் யார் யாரோடு படுக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1966-இல் எழுதினார்கள். தம்பதி என்ற உறவை விடக் குடும்பம் என்ற உறவே அங்கே படுக்கையை முடிவு செய்கிறது என்பதுதான் அவர்கள் கண்டது. நம் வீடுகளுக்கும் இது பொருந்தும்.

ஆக, உடல்நலத்தின் பெயரால் கட்டிலைப் பிரித்தார்கள். பிறகு அன்பின் பெயரால் சேர்த்தார்கள். ஒவ்வொரு காலமும் தன் வழக்கத்தை இயற்கையின் சட்டம் என்றே நம்பியது. அந்த நம்பிக்கையை விட்டுவிட்டு, உடல் என்ன சொல்கிறது என்று கேட்போம்.

வளர்ந்த ஒருவருக்கு இரவில் குறைந்தது 7 மணி நேரத் தூக்கம் தேவை. அந்தத் தூக்கம் ஒரே சீராக ஓடுவதில்லை. லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒரு சுற்று வரும். இரவின் முன்பாதியில் ஆழ்ந்த தூக்கம் அதிகம். பின்பாதியில் கனவுத் தூக்கம் அதிகம். ஒருவரை அடிக்கடி உலுக்கிவிட்டால், மொத்தம் எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் இந்தச் சுற்று முழுமையாவதில்லை. காலையில் எழும்போது, "தூங்கின மாதிரியே இல்ல" என்கிறார்களே, அது உண்மை.

எல்லார் உடலிலும் கடிகாரம் ஒரே மாதிரி ஓடுவதும் இல்லை. அந்தக் கடிகாரம் செல்லுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்ததற்காகத்தான் ஜெஃப்ரி ஹால், மைக்கேல் ராஸ்பாஷ், மைக்கேல் யங் ஆகிய மூவருக்கும் 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. சிலருக்கு ஒன்பது மணிக்கே கண் சொருகும். சிலருக்குப் பதினொரு மணிக்குத்தான் மூளை சுறுசுறுப்பாகும். இது பெரும்பாலும் பிறவியிலும் வயதிலும் அமைவது. விளக்கை அணைக்கச் சொல்லும் கணவரும், இன்னும் பத்துப் பக்கம் படிக்க விரும்பும் மனைவியும் ஒருவரை ஒருவர் அலட்சியம் செய்யவில்லை. அவர்களுடைய கடிகாரங்கள் வேறு. திருமணப் பொருத்தம் பார்க்கும்போது இதை யாரும் பார்ப்பதில்லை.

சேர்ந்து படுத்தால் என்ன நடக்கிறது? 1994-இல் இங்கிலாந்தில் பாங்க்ஹர்ஸ்ட், ஹார்ன் என்ற இருவர் தம்பதிகளின் கையில் அசைவை அளக்கும் கருவியைக் கட்டி ஆராய்ந்தார்கள். துணையோடு படுத்தவர்கள் தனியாகப் படுத்தவர்களைவிட அதிகமாக அசைந்தார்கள். அசைவுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, ஒருவர் புரண்டதும் மற்றவரும் புரண்ட அசைவு. ஆனாலும் அவர்களைக் கேட்டபோது, துணை அருகில் இருந்தால்தான் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார்கள். 2020-இல் ஜெர்மனியின் கீல் நகரில் ஹென்னிங் ட்ரூஸ் குழுவினர் 12 இளம் தம்பதிகளைப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தும் தனித்தனியாகவும் தூங்கவைத்து மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். சேர்ந்து தூங்கிய இரவுகளில் கை கால் அசைவு கூடியது. ஆனால் கனவுத் தூக்கம் ஏறத்தாழ 10 விழுக்காடு அதிகரித்தது, அது கலைவதும் குறைந்தது.

இந்த முடிவுகளை நான் மறைக்க விரும்பவில்லை. சேர்ந்து தூங்குவதில் ஆறுதல் உண்டு. அந்த ஆறுதலுக்கு உடலும் சாட்சி சொல்கிறது. சேர்ந்து படுத்து நன்றாகத் தூங்குகிற தம்பதி தாராளமாக அப்படியே இருக்கட்டும். ஆனால் அந்த 12 ஜோடியும் இளையவர்கள், உடல்நலமுள்ளவர்கள் என்பதை மறக்கக் கூடாது. ஐம்பது வயதில், ஒருவருக்குக் குறட்டை, மற்றவருக்கு மாதவிடாய் நிற்கும் காலத்தின் திடீர் வியர்வை, ஒருவருக்குப் பிராஸ்டேட் வீக்கத்தால் இரவில் மூன்று முறை கழிப்பறை, மற்றவருக்கு முதுகுவலி என்று இருக்கும் இரவு வேறு. ஒருவருக்கு ஏசி பதினெட்டில் வேண்டும். மற்றவருக்கு ஃபேன் காற்றே மூட்டில் குத்தும். நைட் ஷிஃப்ட் முடிந்து அதிகாலையில் வரும் செவிலியரும், ஐந்து மணிக்கு எழுந்து பால் வாங்கப் போகும் அவருடைய கணவரும் ஒரே மெத்தையில் எந்த நேரத்தில் நிம்மதியாகத் தூங்குவார்கள்?

கெட்ட தூக்கத்தின் விலையைத் தூங்காதவர் மட்டும் கொடுப்பதில்லை. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஏமி கார்டனும் செரினா சென்னும் தம்பதிகளை ஆராய்ந்தார்கள். சரியாகத் தூங்காத இரவுக்கு மறுநாள் சச்சரவு அதிகமாக இருந்தது. இருவரில் ஒருவர் மட்டும் சரியாகத் தூங்காவிட்டாலும், மற்றவரின் மனநிலையைப் புரிந்துகொள்ளும் திறன் குறைந்தது. சண்டையைத் தீர்ப்பதும் கடினமாக இருந்தது. கட்டிலைப் பிரித்தால் அன்பு குறையும் என்று அஞ்சுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். சேர்ந்தே படுத்துத் தூங்காமல் கிடந்து, காலையில் காபியோடு எரிச்சலையும் பரிமாறிக்கொள்வதில் என்ன நெருக்கம் இருக்கிறது?

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2023-இல் எடுத்த கருத்துக்கணிப்பில், மூன்றில் ஒருவருக்கும் மேற்பட்டோர் துணையின் பொருட்டு அவ்வப்போதோ தொடர்ந்தோ வேறு அறையில் தூங்குவதாகச் சொன்னார்கள். மூன்றில் ஒருவர் செய்யும் காரியத்தை வெட்கத்துக்குரியது என்று எப்படிச் சொல்வது?

இங்கே ஒரு மருத்துவராக நான் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. குறட்டைக்காகக் கணவரையோ மனைவியையோ அடுத்த அறைக்கு அனுப்புவதற்கு முன், தயவுசெய்து மருத்துவரிடம் அழைத்துப்போங்கள்.

எல்லாக் குறட்டையும் வெறும் சத்தம் இல்லை. சிலருக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப்பாதை அடைத்துக்கொள்கிறது. குறட்டை திடீரென்று நிற்கும். பத்து நொடி, இருபது நொடி, சிலருக்கு அதற்கும் மேல் மூச்சே இருக்காது. பிறகு திணறலோடு மூச்சு திரும்பும். கடுமையான நிலையில் ஒரு மணி நேரத்துக்கு முப்பது முறைக்கு மேல் இப்படி நடக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும், இதயம் திண்டாடும். உயர் ரத்த அழுத்தத்துக்கும் மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இதனால் வாய்ப்பு கூடுகிறது. பகலில் வண்டி ஓட்டும்போது கண் அசந்துபோகிறது. இதற்கு வைத்தியம் இருக்கிறது. சிட்னி மருத்துவர் காலின் சல்லிவன் 1981-இல் அறிமுகம் செய்த சி-பாப் கருவி, முகமூடி வழியாகக் காற்றழுத்தம் கொடுத்து மூச்சுப்பாதையைத் திறந்து வைக்கிறது. எடை குறைப்பதும், மதுவை நிறுத்துவதும், பக்கவாட்டில் படுப்பதும் பலருக்கு உதவும்.

ஆனால் இந்த நோய் இருப்பவருக்குப் பெரும்பாலும் தனக்கு இருப்பதே தெரியாது. முதல் சாட்சி, பக்கத்தில் விழித்துக் கிடக்கும் துணைதான். "மூச்சு நின்னு நின்னு வருது டாக்டர், பயமா இருக்கு" என்று மனைவிமார் சொல்லித்தான் பலருக்கு நோய் தெரிகிறது. தூக்கத்தில் கத்துவது, எட்டி உதைப்பது, கனவில் சண்டையிடுவதுபோல் கை வீசுவது இன்னொரு கோளாறு. மின்னியாபொலிஸ் நகர மருத்துவர்கள் ஷெங்க்கும் மஹோவால்டும் 1986-இல் இதைத் தனி நோயாக விவரித்தார்கள். சிலருக்கு இது பல ஆண்டுகள் கழித்து வரப்போகும் பார்கின்சன் நோயின் முன்னறிவிப்பு. பக்கத்தில் படுப்பவருக்கு அடிபடாமலிருக்கத் தனிப் படுக்கை அவசியம். அதோடு நரம்பியல் மருத்துவரையும் பார்க்க வேண்டும். வலிப்பு நோய் உள்ளவர், இன்சுலின் போடுகிற சர்க்கரை நோயாளி, தள்ளாத வயதினர் இவர்களைக் கதவைச் சாத்திய அறையில் தனியே விடக் கூடாது. ஒரே அறையில் இரண்டு கட்டில், அல்லது திறந்த கதவு, கைக்கெட்டும் தூரத்தில் அழைப்பு மணி, கழிப்பறை வழியில் ஒரு சிறு விளக்கு என்று ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

அடுத்து, பெண்களின் தூக்கம். இந்தப் பேச்சில் என் மனத்துக்கு மிக நெருக்கமான பகுதி இது.

இங்கிலாந்தின் சர்ரே பல்கலைக்கழகத்தில் சாரா ஆர்பர், ஜென்னி ஹிஸ்லாப் என்ற சமூகவியலாளர்கள் பெண்களின் தூக்கத்தைப் பற்றி ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார்கள். பகலில் குடும்பத்தைக் கவனிக்கும் பெண், இரவிலும் அந்த வேலையிலிருந்து விடுபடுவதில்லை என்று அவர்கள் எழுதினார்கள். பிள்ளை அழுதால் அவள் எழுகிறாள். கணவன் குறட்டை விட்டால் அவள் விழித்திருக்கிறாள். அவளுடைய தூக்கம் மற்றவர்களின் தேவைக்குப் பின்னால் நிற்கிறது. இதைப் படித்தபோது நம் வீடுகளை அல்லவா எழுதியிருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

நம் ஊரில் தனித்தனியாகப் படுக்கும் தம்பதிகளில் பெரும்பாலோர் அதை முடிவு செய்ததே இல்லை. குழந்தை பிறந்தது. "குழந்தை அழுதா அவருக்குத் தூக்கம் கெடும், காலையில வேலைக்குப் போகணும்" என்று மனைவி பிள்ளையோடு கூடத்துக்கு வந்தாள். இரண்டாவது பிள்ளை பிறந்தது. பிள்ளைகள் பள்ளிக்குப் போயின, கல்லூரிக்குப் போயின. அவள் இன்னும் கூடத்தில்தான் படுத்திருக்கிறாள். கணவனுக்குக் கட்டிலும் மின்விசிறியும் கதவும். அவளுக்குத் தரையும், முதலில் எழும் கடமையும். திரும்பி வா என்று அவன் கேட்கவில்லை. வரட்டுமா என்று அவளும் கேட்கவில்லை. அவன் வெட்கப்பட்டான், அவள் வருத்தப்பட்டாள். இருவரும் மற்றவருக்குத்தான் விருப்பமில்லை என்று நினைத்துக்கொண்டார்கள். இப்படிப்பட்ட தம்பதிகள் என்னிடம் தனித்தனியாக வந்து ஒரே வருத்தத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக இன்னொரு பெண் இருக்கிறாள். அவளுக்குத் தனியாகத் தூங்க வேண்டும். நாள் முழுவதும் பிள்ளை, மாமியார், அலுவலகம், அடுப்பு என்று பிறருக்கே உடம்பைக் கொடுத்தவளுக்கு, இரவில் சில மணி நேரம் யாரும் தொடாத, யாரும் எழுப்பாத ஓரிடம் வேண்டும். அப்படிக் கேட்டால் கணவனை மதிக்காதவள் என்ற பெயர் வரும் என்று வாயைத் திறப்பதில்லை. கணவன்மார்களுக்குச் சொல்கிறேன்: மனைவி தூக்கம் கேட்டால் அவள் உங்களை நிராகரிக்கிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாகத் தூங்கி எழுந்த மனைவியோடு பேசிப்பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

"தனியாப் படுத்தா நாளைக்குக் கோர்ட்டுல அதையே காரணம் காட்டிடுவாங்களா?" என்று சிலர் அஞ்சுகிறார்கள். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனால் பொதுவில் உள்ள ஒரு தீர்ப்பைச் சொல்கிறேன். இந்துத் திருமணச் சட்டத்தின் 13-பி பிரிவு, இருவரும் சம்மதித்து மணவிலக்குக் கேட்க ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்கிறது. பிரிந்து வாழ்வது என்றால் என்ன என்ற கேள்வி 1991-இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. எங்கே வாழ்கிறார்கள் என்பது அளவுகோல் ஆகாது. கணவன் மனைவியாக வாழ்கிறார்களா என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். ஒரே வீட்டில் இருந்துகொண்டே பிரிந்து வாழலாம். வெவ்வேறு வீட்டில் இருந்துகொண்டே கணவன் மனைவியாகவும் வாழலாம். காரணமில்லாமல், ஒருதலைப்பட்சமாக, நீண்ட காலம் தாம்பத்திய உறவை மறுப்பது மனக்கொடுமை ஆகலாம் என்று 2007-இல் சமர் கோஷ் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னதும் உண்மை. அந்தக் கருத்திலும் அளவுகோல் கட்டிலின் இடம் இல்லை. காரணமில்லாத, ஒருதலைப்பட்சமான மறுப்பு. சட்டத்துக்கு இருக்கும் இந்தத் தெளிவு நம் உறவினர்களுக்கும் வர வேண்டும்.

இவ்வளவு நேரம் அறை, அறை என்று பேசினேன். எத்தனை வீட்டில் இரண்டாவது அறை இருக்கிறது? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஏறத்தாழ 37 விழுக்காடு குடும்பங்கள் ஒரே ஓர் அறை கொண்ட வீட்டில் வாழ்ந்தன. கிராமங்களுக்கான பிரதமர் வீட்டுத் திட்டத்தில் ஒரு வீட்டின் குறைந்தபட்ச அளவு, சமையல் இடத்தையும் சேர்த்து, 25 சதுர மீட்டர். அந்த வீட்டில் தாத்தா பாட்டி, பிள்ளைகள் எல்லாரும் இருப்பார்கள். அங்கே வாழும் தம்பதிக்குச் சேர்ந்து படுக்கவும் தனிமை இல்லை, தனியாகப் படுக்கவும் இடமில்லை. நல்ல தூக்கம் வசதி படைத்தவர்களின் சொத்தாக ஆகிவிடக் கூடாது. வீடு கட்டித் தரும் அரசுகளும், குடியிருப்பு வரைபடம் போடும் பொறியாளர்களும் மனிதர்கள் தூங்கும் இடத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஓர் அறை வீட்டிலும் செய்யக்கூடியவை உண்டு. இரண்டு பாயை நான்கு அடி தள்ளி விரிப்பதற்குச் செலவில்லை. ஸ்காண்டிநேவிய நாடுகளில் பல தம்பதிகள் ஒரே கட்டிலில் ஆளுக்கொரு போர்வை வைத்துக்கொள்கிறார்கள். போர்வை இழுபறியால் பாதியிரவுச் சண்டைகள் வருவதால், இது நல்ல யோசனை. ஒரே பெரிய மெத்தைக்குப் பதிலாக இரண்டு சிறிய மெத்தையை ஒட்டிப் போட்டால், ஒருவர் புரள்வது மற்றவருக்குத் தெரியாது. முன்னால் எழுபவர் உடுப்பையும் செருப்பையும் இரவே வெளியில் எடுத்து வைத்துவிடலாம். கைப்பேசியைத் தலைமாட்டிலிருந்து விலக்குங்கள். இவற்றைச் செய்தும் தூக்கம் வராவிட்டால் இடம் மாறுவதைப் பற்றிப் பேசுங்கள்.

எப்படிப் பேசுவது? நள்ளிரவில், குறட்டையின் நடுவே, தலையணையைத் தூக்கிக்கொண்டு வெளியேறும்போது பேசாதீர்கள். அப்போது வரும் வார்த்தை தூக்கத்தைப் பற்றியதாக இருக்காது. ஞாயிற்றுக்கிழமை மாலை, பிள்ளைகள் விளையாடப் போன நேரத்தில் உட்கார்ந்து பேசுங்கள். "உங்க குறட்டை தாங்க முடியல" என்று தொடங்காமல், "எனக்குச் சரியாத் தூக்கம் வரமாட்டேங்குது, என்ன செய்யலாம்?" என்று தொடங்குங்கள். ஒரு மாதம் முயன்று பார்ப்போம் என்று வைத்துக்கொள்ளுங்கள். யார் இடம் மாறுவது என்பதில் நியாயம் இருக்கட்டும். எப்போதும் மனைவிக்கே தரையும் சோபாவும் என்று ஆக வேண்டாம். வாரத்தில் வேலை நாட்களில் தனியாக, விடுமுறை நாட்களில் சேர்ந்து என்று வைத்துக்கொள்வோரும் உண்டு.

தூங்குவதற்கு முன் அரை மணி நேரமாவது சேர்ந்திருங்கள். இதை நான் மருந்துச் சீட்டில் எழுதித் தரக்கூடத் தயார். சேர்ந்து படுக்கும்போது நெருக்கம் தானாக நடக்கும் என்று நம்பி விட்டுவிடுகிறோம். தனித்தனியாகப் படுக்கும்போது அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும். பேச்சும், தொடுதலும், தாம்பத்தியமும் தூக்கத்தின் கிளை வேலைகள் இல்லை. அவற்றுக்கென்று நேரம் ஒதுக்கிய தம்பதிகள், விரும்பித்தான் ஒருவரிடம் ஒருவர் வருகிறார்கள்.

பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். "அப்பாவுக்கு இருமல், அம்மாவுக்குத் தூக்கம் கெடுது, அதனால வேற வேற இடத்துல படுக்கிறோம்" என்று சொன்னால் அவர்கள் புரிந்துகொள்வார்கள். சொல்லாமல் விட்டால் சண்டை என்றே நினைப்பார்கள்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய அடையாளங்களும் உண்டு. சண்டை போட்ட இரவில் பிரிந்த படுக்கை மறுபடி சேரவே இல்லையென்றால், பகலிலும் பேச்சு குறைந்துவிட்டதென்றால், ஒருவர் இந்த ஏற்பாட்டில் அழுகிறாரென்றால், ஒருவருடைய உடல் ஆசையும் தனிமையும் கேட்பாரற்றுக் கிடக்கிறதென்றால், அங்கே பிரச்சினை தூக்கத்தில் இல்லை. குடும்ப ஆலோசகரையோ மனநல மருத்துவரையோ இருவரும் சேர்ந்து பாருங்கள். அச்சத்தால், அடியால், வற்புறுத்தலால் ஒரு பெண் வேறு அறைக்குப் போகிறாள் என்றால் அவளுக்கு வேண்டியது பாதுகாப்பு. அந்த நிலைமைக்கு நான் சொன்ன எந்த யோசனையும் பொருந்தாது.

இங்கே அமர்ந்திருக்கும் மூத்தோர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மகன் வீட்டிலோ மகள் வீட்டிலோ இரண்டு படுக்கை விரித்திருப்பதைப் பார்த்தால், "என்ன பிரச்சினை?" என்று கேட்பதற்குப் பதிலாக, "நல்லாத் தூங்குனீங்களா?" என்று கேளுங்கள். நாற்பது ஆண்டு குடித்தனம் நடத்திய உங்களில் பலரும் இன்று தனித்தனியாகத்தான் படுக்கிறீர்கள். அதைச் சொல்ல வேண்டியவர்களும் நீங்கள்தான். "நாங்களும் அப்படித்தான், எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை" என்று ஒரு மாமியார் தன் மருமகளிடம் சொன்னால், ஆயிரம் மருத்துவர்கள் பேசுவதைவிட அது பலன் தரும்.

இளைய தம்பதிகளே, உங்கள் கட்டிலை ஊர் அளக்க விடாதீர்கள். சேர்ந்து தூங்கினாலும் தனித்துத் தூங்கினாலும் அது உங்கள் இருவரின் முடிவாக இருக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, இந்த ஏற்பாடு உனக்கு இன்னும் சரியாக இருக்கிறதா என்று ஒருவரை ஒருவர் கேளுங்கள். உடம்பு மாறும், வேலை மாறும், பிள்ளைகள் வளர்வார்கள், ஏற்பாடும் மாறட்டும். கேட்கும் பழக்கம் மட்டும் நின்றுவிடக் கூடாது. அந்தக் கேள்வி கேட்கப்படும் வீட்டில் எத்தனை படுக்கை இருந்தாலும் திருமணம் நலமாக இருக்கும்.